கான்கிரீட் மூடிய பிறகு

மேல்தளம் போட நாள் குறித்தாகிவிட்டது. விடிவதற்குள் கலவை மெஷின் வந்து நிற்கிறது. ஜல்லியும் மணலும் வாசலில் குவிந்திருக்கின்றன, ஆட்கள் கூடிவிட்டார்கள், மதியச் சாப்பாட்டுக்கும் சொல்லியாகிவிட்டது. கட்டிய கம்பியைப் பார்த்துவிட்டு ‘போடலாம்’ என்று சொல்ல வேண்டிய பொறியாளர் மட்டும் வரவில்லை. போனில் கேட்டால், “படத்துல இருக்கிறபடிதானே கட்டியிருக்கீங்க? போடுங்க, சாயங்காலம் வந்து பாக்குறேன்” என்கிறார். சாயங்காலம் அவர் வரும்போது பார்ப்பதற்குக் கம்பி வெளியில் இருக்காது.

தமிழ்நாட்டில் தனி வீடு கட்டியவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. கடைக்காலிலும் இப்படி நடக்கிறது, தூணிலும் நடக்கிறது. பல ஆண்டுகள் கழித்துத் தளம் ஒழுகும்போதோ காரை பெயர்ந்து விழும்போதோதான் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி எழுகிறது. அதற்குள் ஒப்பந்ததாரர் வேறு ஊருக்குப் போயிருப்பார், மேஸ்திரியின் எண் மாறியிருக்கும். அந்தக் கேள்வியைக் கான்கிரீட் விழுவதற்கு முன்பே கேட்க வேண்டும். ஏனென்றால் தவறு அங்கேயே நடந்து முடிந்துவிடுகிறது.

கான்கிரீட் போடும் முன் ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் என்ன தெரியவரும்? தளத்தின் கம்பிக்குக் கீழே குறைந்தது 20 மி.மீ. கான்கிரீட் இருக்க வேண்டும் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456. அதற்காகத்தான் கவர் பிளாக் வைக்கிறார்கள். அது இல்லாவிட்டால் கம்பி சென்ட்ரிங் தகட்டின் மேலேயே படுத்துவிடும்; ஈரக்காற்று பட்டுத் துருவேறி, உப்பி, கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். பால்கனி, சன்ஷேடு போன்ற வெளியே நீட்டிய பகுதிகளில் ஆபத்து இன்னும் பெரிது. அங்கே பாரத்தைத் தாங்கும் முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். கலவைச் சட்டியோடு நடக்கும் ஆட்களின் கால்பட்டு அது கீழே அமுங்கிவிட்டால், வாங்கிய கம்பியில் ஒரு கிலோகூடக் குறையாமலேயே பால்கனி பலம் இழந்துவிடும். மறுநாள் பார்த்தால் சரியாகப் போட்ட தளமும் தவறாகப் போட்ட தளமும் ஒன்றுபோலவே வழுவழுப்பாக இருக்கும். ஆகவே ஆய்வைத் தவறவிட்டவர்கள் ஒரு குறையை உண்டாக்கினார்கள் என்று சொல்ல முடியாமல் போகலாம். ஆனால் குறை இருக்கிறதா என்று அறிவதற்கு இருந்த எளிய வழியை அவர்கள் அடைத்துவிட்டார்கள்.

பழி முதலில் விழுவது மேஸ்திரியின் தலையில். இது பெரும்பாலும் அநியாயம். அவர் கையில் இருப்பது கசங்கிய வரைபடத்தின் நகல். வேலையை நிறுத்தினால் அன்றைய கூலி யார் கொடுப்பது என்ற கேள்வி அவர் முன்னும் அவர் அழைத்து வந்தவர்கள் முன்னும் நிற்கிறது. நிறுத்தும் அதிகாரம் இல்லாதவரிடம் நிறுத்தாததற்கான முழுப் பொறுப்பையும் சுமத்த முடியாது. கம்பி அமுங்கியிருப்பது கண்ணுக்குத் தெரிந்தும் வாய் திறக்காமல் இருந்தால், அந்த மௌனத்துக்கு மட்டும் அவர் பதில் சொல்ல வேண்டும்.

வீட்டுக்காரர் நிலை இன்னும் சிக்கலானது. கம்பியைப் பற்றி அவருக்குத் தெரியாது. தெரிந்தவருக்குப் பணம் கொடுத்து நம்பியிருக்கிறார். ஆனால் நாளைத் தள்ளிப்போடும் அதிகாரம் அவரிடம்தான் இருக்கிறது. நல்ல நாள், மெஷின் வாடகை, வங்கித் தவணை என்று அவர் சொல்லும் காரணங்கள் எல்லாமே உண்மையான காரணங்கள். “என் வீடு, என் பணம், வந்தால் எனக்குத்தானே வரும்” என்ற வாதம் மட்டும் நிற்காது. 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்தபோது 61 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தமிழகத்தின் பிற ஊர்களிலிருந்தும் வந்த கட்டடத் தொழிலாளர்கள். அங்கே ஒரு வீட்டுக்கும் அவர்கள் சொந்தக்காரர்கள் அல்லர். தனி வீட்டிலும் அப்படித்தான். சன்ஷேடுக்குக் கீழே நிற்கப்போவது வாடகைக்கு வருபவரின் குழந்தையாக இருக்கலாம். அவர்கள் சார்பில் ஆய்வு வேண்டாம் என்று சொல்ல வீட்டுக்காரருக்கு உரிமை இல்லை.

கனடாவின் டொராண்டோவில் நடந்த ஒரு வழக்கு இங்கே நினைக்கத் தக்கது. நிலவறையைப் புதுப்பிக்க ஒருவர் ஒப்பந்ததாரரை அமர்த்துகிறார். அனுமதி வருவதற்கு முன்பே தொடங்கிவிடலாம் என்று ஒப்பந்ததாரர் சொல்ல, அவரும் சம்மதிக்கிறார். நகராட்சி ஆய்வாளர் வரும்போது அடித்தள வேலை முடிந்து மூடப்பட்டுவிட்டது. ஆய்வாளர் குழி தோண்டிப் பார்க்காமல் ஒப்பந்ததாரரின் வாய்ச்சொல்லை ஏற்றுக்கொண்டார். பின்னர் நிலவறையில் வெள்ளம் புகுந்தது. 2000-இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம், உரிமையாளர் அவசரப்பட்டார் என்பதற்காக நகராட்சி தப்பிவிட முடியாது என்றது. அவர் மீதும் ஒரு சிறு பங்கு விழுந்தது. ஆனால் சிறு பங்குதான். எல்லா நாட்டு நீதிமன்றங்களும் இப்படி நினைக்கவில்லை. இங்கிலாந்தில் கடைக்காலைச் சரியாகப் பார்க்காத உள்ளாட்சி பொறுப்பேற்க நேரிடும் என்று 1977-இல் சொன்ன, அன்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, 1990-இல் அந்த நிலைப்பாட்டைக் கைவிட்டது. சட்டம் இப்படி ஊசலாடலாம். அறத்தின் கணக்கில் டொராண்டோ தீர்ப்பே நியாயத்துக்கு அருகில் இருக்கிறது: அறிந்தவரும் தடுக்கக் கூடியவரும் மற்றவரின் அவசரத்துக்குப் பின்னால் ஒளிய முடியாது.

ஆகவே பொறுப்பில் பெரும்பங்கு, கையெழுத்திடும் பொறியாளருக்கே. பல பொறியாளர்களுக்கு வரைபடத்துக்கும் அனுமதி வாங்கித் தருவதற்கும்தான் பணம் கிடைக்கிறது. மனைக்கு வந்து பார்ப்பதற்கு யாரும் தனியாகக் கொடுப்பதில்லை. இது நியாயமான குறை. அப்படியானால் அதை முதலிலேயே எழுத்தில் சொல்லிவிட வேண்டும், வீட்டுக்காரர் வேறொருவரை அமர்த்திக்கொள்வார். வராமலேயே ‘பார்த்தேன்’ என்று ஒப்பமிடுவது, வராமல் இருப்பதைவிடக் கொடிது. வராதவர் ஓர் இடத்தைக் காலியாக விட்டார். பொய்யாக ஒப்பமிட்டவர் அந்தக் காலியிடம் யாருக்கும் தெரியாமல் செய்துவிட்டார்.

அரசின் பங்கைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2024 ஜூலையில் தமிழ்நாடு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்கு இணையத்திலேயே உடனடி அனுமதி. முன்கூட்டிய கள ஆய்வு இல்லை, பணி நிறைவுச் சான்றும் தேவையில்லை. கோப்போடு அலைந்து களைத்த நடுத்தரக் குடும்பங்களுக்கு இது பெரிய ஆறுதல், வரவேற்கவும் வேண்டியது. ஆனால் அரசு விலகிக்கொண்ட இடத்தில் யார் நின்று பார்ப்பது என்பதையும் அதே வேகத்தில் சொல்லியிருக்க வேண்டும். அடுக்ககம் வாங்குபவருக்கு 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் ஐந்து ஆண்டுகள் வரை கட்டுமானக் குறைகளுக்குக் காப்பு தருகிறது. தன் மனையில் தானே ஆள் வைத்துக் கட்டுபவருக்கு அந்தக் காப்பும் இல்லை. அவர் நம்பியிருப்பது அந்த ஒரு கையெழுத்தை மட்டுமே.

வீடு இடியாமல் நின்றுவிட்டால்? பெரும்பாலான வீடுகள் நிற்கின்றன. அதை வைத்து ஆய்வு தேவையில்லாத ஒன்று என்று முடிவு கட்டுகிறார்கள். அன்று கம்பி சரியாக இருந்தது என்பது அதிர்ஷ்டம். பார்க்காமல் போட்டவரின் செயல் அதனால் நல்லதாகிவிடாது. அவர் செய்யக்கூடியது இன்னும் இருக்கிறது. கான்கிரீட்டுக்குள் கம்பி எந்த ஆழத்தில் இருக்கிறது என்று காட்டும் கருவிகள் உண்டு. தேவைப்பட்டால் ஒரு துண்டை வெட்டியெடுத்துச் சோதிக்கலாம். அந்தச் செலவு, நிறுத்த முடிந்தும் நிறுத்தாதவர்களைச் சேர வேண்டும்: முதலில் பொறியாளர், பிறகு ஒப்பந்ததாரர், கடைசியில் வீட்டுக்காரர்.

சோதிக்காமலே விற்பதானால், எந்தக் கட்டத்தில் யாரும் பார்க்கவில்லை என்பதை வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டும். வில்லங்கச் சான்றில் அது வராது. கட்டியவர் சொன்னால்தான் உண்டு. சொன்னால் விலை குறையும் என்பது உண்மைதான். அந்தக் குறைவு, ஒரு நாள் காத்திருக்க மறுத்தவருக்குரியது. ஒன்றும் அறியாமல் வாங்குபவருக்குரியது அல்ல.