மறவா ஏடும் மருந்துச் சீட்டும்

திருக்குறளின் மருந்து அதிகாரத்து இறுதிக் குறள் (950) மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுபவர் என நான்கு கூறுகளாகப் பகுக்கின்றது. இந்நான்கையும் இணைப்பது மருந்துச் சீட்டு. காசநோய், எச்.ஐ.வி. போன்றவற்றில் மருந்தின் பெயரே நோயைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே, சீட்டைக் காண்பதற்குரியவர் யார் என்பது அறம்சார் வினாவாகின்றது.

எஸ்தோனியா 2010ஆம் ஆண்டில் மின்னணு மருந்துச் சீட்டை நடைமுறைப்படுத்தியது. இந்தியாவில் 2021ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் நோயாளியின் இசைவை அடிப்படையாகக் கொண்டது. இவற்றினும் ஒருபடி மேலே செல்வது பிளாக்செயின் வழி. இதில் மருத்துவர் மின்னொப்பமிட்ட சீட்டு நோயாளியின் கைப்பேசியிலுள்ள டிஜிட்டல் பணப்பையில் தங்கும். மருந்து வழங்கப்பட்டமை பலரிடம் படிகளாக உள்ள பொதுப் பேரேட்டில் பதிவாகும். ஒரே சீட்டை இருமுறை பயன்படுத்தவோ, பதிவை மறைவாகத் திருத்தவோ இயலாது.

எனினும், அழியாமை இங்கு நன்மை மட்டுமன்று. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என உச்ச நீதிமன்றம் 2017ஆம் ஆண்டு புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தம் தரவை நீக்கக் கோரும் உரிமையை ஏற்கின்றது. மறவாத ஏடு இவ்வுரிமையோடு முரண்படும். சீட்டின் செய்தியைப் பேரேட்டிற்கு வெளியே வைத்து, அதன் மெய்ம்மையைச் சோதிக்க உதவும் எண்முத்திரையை மட்டும் பதிவதே இம்முரணைத் தணிக்கும் வழியாகும்.

இதனினும் கடினமானது திறவுகோல் பற்றிய சிக்கல். பணப்பையின் மறைத்திறவு நோயாளி ஒருவரிடமே இருத்தல் வேண்டும் என்பது இம்முறையின் அடிப்படை. ஆனால் நோய் என்பதே பிறர் கையை நாடும் நிலை. முதியவரின் கைப்பேசி மகனிடம் இருக்கலாம். மனைவியின் கைப்பேசி கணவனிடம் இருக்கலாம். உடனிருப்பவர் துணைவராகவும் அமைவர். வேவு பார்ப்பவராகவும் அமைவர். இவ்வேறுபாட்டைப் பொறி அறியாது. முற்றும் அடைத்தால் உதவி தடைபடும். முற்றும் திறந்தால் மறைபொருள் வெளிப்படும்.

எனவே, குறித்த மருந்தை, குறித்த காலத்திற்குள் வாங்குவதற்கு மட்டும் பிறருக்கு இசைவளிக்கவும், விரும்பியபோது அவ்விசைவை மீட்டுக்கொள்ளவும் வழி இருத்தல் வேண்டும். கைப்பேசி இல்லாதார்க்குத் தாள் சீட்டு மறுக்கப்படலாகாது. அந்தரங்கம் என்பது எல்லாரிடமிருந்தும் ஒளிதல் அன்று. யாரை நம்புவது என்பதைத் தாமே தெரிந்துகொள்ளும் உரிமை. குறள் கூறும் நான்காம் கூறாகிய துணைவருக்கு இடமளிக்காத பாதுகாப்பு, சீட்டைக் காக்குமேயன்றி நோயாளியைக் காவாது.