கலையின் செலவும் கலையின் தகுதியும்

ஒரு கலைப்படைப்புக்குச் செலவிடப்படும் பணத்துக்கும் அதன் தகுதிக்கும் தொடர்பு உண்டா என்னும் வினா பொருளியலாளர்க்கு மட்டும் உரியதன்று. யார் செலவைச் சுமக்கின்றனர், யார் வாயிலில் நிறுத்தப்படுகின்றனர் என்பனவும் அதனுள் அடங்குதலால், அஃது அறவியல் வினாவுமாகும்.

நியூ யோர்க் நகரின் புரோட்வே அரங்கிலே 2011 இல் தொடக்கிவைக்கப்பட்ட 'ஸ்பைடர்மேன்' இசை நாடகத்துக்கு ஏறத்தாழ 750 இலட்சம் டொலர் செலவாயிற்று. நடிகர்கள் கம்பிகளிலே தொங்கிப் பறந்தனர். முன்னோட்டக் காட்சிகளின்போது சிலர் காயமுற்றனர். 2014 சனவரியில், இட்ட முதல் மீளாமலே அந்நாடகம் நிறுத்தப்பட்டது. இங்கு கருதத்தக்கது நட்டமன்று, அச்சமே. முதல் பெருகப் பெருக, முதலிட்டோர் புதியதை அஞ்சுவர். மக்கள் முன்னரே அறிந்த திரைக்கதையையும் கேட்டுப் பழகிய பாடலையும் நாடுவர். கதையின் வறுமையைக் காட்சியின் பகட்டு மறைக்கும். எனவே, பெருஞ்செலவும் தரவீழ்ச்சியும் தற்செயலாக ஒருங்கே நேர்ந்தவையல்ல. பின்னையது பெரிதும் முன்னையதன் விளைவே.

ஆயினும் செலவு அனைத்தும் பேராசையால் விளைவதெனல் பொருந்தாது. போமோல், போவன் என்னும் அமெரிக்கப் பொருளியலாளர் இருவர் 1966 இல் இதற்கோர் விளக்கம் தந்தனர். ஆலையிலே பொறிகள் உழைப்பின் விளைவைப் பெருக்குகின்றன; ஊதியமும் உயர்கின்றது. ஆனால், நால்வர் இசைக்கவேண்டிய ஓர் இசையை இன்றும் நால்வரே, அதே நேரம் செலவிட்டே இசைக்கவேண்டும். ஏனைய தொழில்களுக்கு ஒப்ப இவர்களது ஊதியமும் உயருமாயின், அரங்கின் செலவு ஓயாது ஏறும். உயிருள்ள கலைஞனுக்கு உரிய கூலியைக் கொடுக்க விரும்பும் எச்சமுதாயமும் இவ்வுண்மையை எதிர்கொண்டே ஆகவேண்டும்.

இனி, ஊவா மாகாணத் தோட்டங்களை நோக்குவோம். பதுளை, பசறை, லுணுகலை, மடுல்சீமை முதலிய பகுதிகளைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களுக்கும் உரிய பெருங்கலை காமன் கூத்தாகும். மாசி மாதத்திலே லயங்களை அடுத்த வெளியிற் கம்பம் ஊன்றப்படும். தோட்டத் தொழிலாளரே மதனாகவும் ரதியாகவும் வேடம் புனைவர். தப்பொலியோடு இலாவணிப் பாடல்கள் எழும். சிவனின் நெற்றிக்கண்ணால் மதன் எரிவான், ரதி புலம்புவாள். முடிவு யாவருக்கும் தெரியும். எனினும், கணவனை இழந்த அப்புலம்பலில் தம் துயரையும் கேட்போர் ஆண்டுதோறும் அதனைக் காண்கின்றனர். அனுமதிச் சீட்டில்லை, திரையில்லை, பார்ப்போனுக்கும் ஆடுவோனுக்கும் இடையில் உயர்ந்த மேடையுமில்லை.

மலிவே இக்கூத்தின் சிறப்பு என முடிவு கட்டுதல் எளிது. ஆனால், அம்முடிவு நேர்மையானதன்று. சீட்டில்லாத கூத்து செலவில்லாத கூத்தன்று. அதன் விலையை, பகலெல்லாம் கொழுந்து பறித்தும் கவ்வாத்து வெட்டியும் களைத்த உடல்கள் இரவிலே செலுத்துகின்றன. 2021 இல் நாட் சம்பளம் 1000 ரூபா என வர்த்தமானியில் அறிவிக்கப்படுதற்கே பல்லாண்டுக் கோரிக்கை வேண்டியிருந்த மக்கள் இவர்கள். தப்பின் கதையோ இன்னும் கூரியது. அதிகாலையில் தொழிலாளரைப் பிரட்டுக்களத்துக்கு அழைத்ததும் ஒருகாலத்தில் இதே தப்பே. அதனை முழக்கியோர் சாதியின் பெயரால் இழிவுபடுத்தப்பட்டனர். அவர்தம் பிள்ளைகள் அதனைத் தொட மறுப்பாராயின், அதனைப் பண்பாட்டு வீழ்ச்சி எனப் பழிப்பதற்கு எவருக்கும் உரிமையில்லை. இழிவைச் சுமத்திப் பெற்ற இலவசக் கலையும் ஒருவகைச் சுரண்டலே.

மறுபுறம், திரையிசையும் மின்விளக்கும் களத்துட் புகுவதே கேடு என்பாரும் உளர். கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள், மக்கள் அறிந்த மெட்டுகளிலே தொழிலாளரின் துயரைப் பாடலாக்கித் தோட்டந்தோறும் பாடிச் சென்றார்; அப்பாடல்கள் 1940 இல் நூலுருவும் பெற்றன. பழகிய மெட்டு அங்கே புதிய சிந்தனைக்கு ஊர்தியாயிற்று. சிந்தனை இன்மையை மறைக்கும் திரையாகவில்லை. ஆகவே இரவல் வாங்குதல் குற்றமன்று. எதன்பொருட்டு வாங்குகிறோம் என்பதே வினா. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் மேடையேற்றிய 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலிய கூத்துகளும் ஆட்டத்தையும் பாட்டையுமே நம்பி நின்றன. காட்சிப் பகட்டை நம்பவில்லை.

இவற்றிலிருந்து பெறப்படும் அளவுகோல் யாது? பணம் எவ்வளவு என்பது முதற்கேள்வியன்று. அப்பணம் எங்கே செல்கிறது என்பதே முதற்கேள்வி. அது கலைஞனின் பயிற்சிக்கும் கூலிக்கும் மதிப்புக்கும் சென்றால் அறமாகும். கலைஞனிடம் இல்லாததை மறைக்கும் பொறிகளுக்குச் சென்றால் வீணாகும். காமன் கூத்தைப் போற்றுவோர், பல்கலைக்கழகத்தாராயினும் கோயில் நிருவாகத்தாராயினும், தப்படிப்பவனுக்கு உரிய ஊதியத்தையும் சமனான இருக்கையையும் முதலில் அளித்தல் வேண்டும். அவன் அவற்றைப் பெற்ற பின்னரும் கூத்துத் தொடருமாயின், அது வறுமையால் வாழ்ந்த கலையன்று, விருப்பால் வாழும் கலை எனத் துணிந்து கூறலாம்.