நிறமும் வாய்மையும்

ஒரு பொருளின் நிறம் அப்பொருளில் உள்ளதா, அன்றேல் காண்போனின் கண்ணில் உள்ளதா என்னும் வினா தத்துவ உலகிற் பழமையானது. இக்காலத்து ஒளிப்படக்கலை அவ்வினாவை அறவியலின் எல்லைக்குள்ளும் கொணர்ந்துள்ளது. திருகோணமலை உள்துறைமுகத்தை ஒரு மாலைப்பொழுதில் ஒருவர் படம்பிடிப்பதாகக் கொள்க. அவரது கமராவில் ஓர் அமைப்பைத் தெரிந்தால் நீர் ஆழ்ந்த நீலமாகவும் கரையோர மரங்கள் கொழுமையான பச்சையாகவும் தோன்றும். வேறோர் அமைப்பைத் தெரிந்தால் அதே நீர் சாம்பல் கலந்த மங்கல் நிறத்தை எய்தும். மூன்றாவது அமைப்பில் நிறமே நீங்கிக் கருமையும் வெண்மையும் மாத்திரம் எஞ்சும். கடலும் மாறவில்லை, பொழுதும் மாறவில்லை. இவற்றுள் எப்படம் உண்மையானது? ஏனையவற்றை ஆக்கியவர் பொய்யுரைத்தவர் ஆவாரா?

இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு முன்னர்க் கருவியின் இயல்பை அறிதல் வேண்டும். படச்சுருட் காலத்தில், 35 மில்லிமீற்றர்ச் சுருளினும் அகன்ற சுருளைப் பயன்படுத்தியவை நடுத்தர அளவுக் கமராக்கள் எனப்பட்டன. இன்று அவற்றின் வழித்தோன்றல்களான எண்ணிமக் கமராக்களில், சுருளின் இடத்தை ஒளியுணரி ஒன்று பெற்றுள்ளது. 2019 இல் வெளிவந்த பியூஜிபிலிம் ஜிஎஃப்எக்ஸ் 100 என்னும் கமராவின் உணரி 43.8 மில்லிமீற்றர் நீளமும் 32.9 மில்லிமீற்றர் அகலமும் உடையது. 36 இற்கு 24 மில்லிமீற்றர் அளவான வழமையான உணரியிலும் அதன் பரப்பு ஏறத்தாழ 1.7 மடங்கு பெரியது. அதில் 10 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகள் உள்ளன. அதே கமராவில் 'புரொவியா', 'வெல்வியா' முதலிய பழைய படச்சுருள்களின் பெயர் தாங்கிய நிற அமைப்புகளும் இடம்பெற்றுள்ளன. நுண்மையை நோக்கிச் செல்லும் உணரியும் நினைவை நோக்கித் திரும்பும் நிற அமைப்பும் ஒரே கருவியில் ஒன்றுசேர்ந்திருத்தல் கருதத்தக்கது.

உணரி பதிந்ததை மாற்றமின்றித் தருவதே உண்மையான படம் என்பது பலரும் கூறக்கூடிய முதல் விடை. ஆயின் உணரி நிறத்தைப் பதிவதேயில்லை. அது ஒளியின் அளவை மாத்திரம் அறியும். அதன் ஒவ்வொரு புள்ளியின்மீதும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒரு நிற வடிகட்டி அமைந்துள்ளது. கொடாக் நிறுவனத்தைச் சேர்ந்த பிறைஸ் பேயர் என்பார் 1976 இற் காப்புரிமை பெற்ற இம்முறையிற் பாதிப் புள்ளிகள் பச்சைக்கும், கால்வாசி சிவப்புக்கும், கால்வாசி நீலத்துக்கும் உரியன. ஒரு புள்ளி ஒரு நிறத்தின் ஒளியையே அளப்பதால், அதன் மற்றை இரு நிறங்களும் அயற்புள்ளிகளைக் கொண்டு கணிக்கப்படுகின்றன. எனவே படத்தின் நிறத் தரவில் மூன்றில் இரு பங்கு கணிப்பின் பேறேயாகும். எதை வெண்மையெனக் கொள்வது என்பதையும் கருவியோ மனிதரோ தீர்மானித்தாக வேண்டும். தெரிவு கலவாத நிறம் ஒளிப்படத்தில் இல்லை.

படச்சுருட் காலத்திலும் நிலைமை இதுவே. 1990 இல் அறிமுகமான வெல்வியா, நிறங்களைச் செறிவூட்டித் தரும் இயல்பினாலேயே இயற்கைக் காட்சியாளரிடம் புகழ்பெற்றது. அன்று சுருளைத் தெரிந்தவர் நிறத்தையும் தெரிந்தவரே. திருகோணமலைக் கடல் இதற்கு இன்னுமோர் எடுத்துக்காட்டைத் தருகிறது. போர்த்துக்கேயர் பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இடித்த கோணேசர் கோவிலின் எச்சங்களை, 1956 இல் ஆதர் சி. கிளாக்கும் மைக் வில்சனும் சுவாமிமலையின் அடியிற் கடலினுள்ளே கண்டனர். நீர் சிவப்பொளியை விரைவில் உறிஞ்சிவிடும். ஆழம் செல்லச் செல்ல யாவும் நீலம் பூத்தே தோன்றும். மூழ்கியவர் விளக்கை ஏற்றினாற் கல்லின் செம்மை வெளிப்படும். நீலம் பூத்த கல் உண்மையா, விளக்கொளியிற் சிவந்த கல் உண்மையா? இரண்டும் உண்மையே, ஒவ்வொன்றும் தன் ஒளிக்கு உண்மையானது.

இங்ஙனமாயின் யாவும் வழக்கே, விரும்பியவாறு தெரிந்துகொள்ளலாம் என்னும் இரண்டாவது விடை எழும். அதுவும் ஏற்கத்தக்கதன்று. 2006 ஜனவரி 2 ஆந் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர் கொல்லப்பட்டனர். கைக்குண்டு வெடித்தே அவர்கள் இறந்தனர் எனப் பாதுகாப்புத் தரப்பினர் முதலிற் கூறினர். துப்பாக்கிச் சூட்டினால் ஏற்பட்ட காயங்களை, 'சுடர் ஒளி' நாளிதழின் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் காட்டின. அதே மாதம் 24 ஆந் திகதி அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். படம் யாவும் வழக்கே என்பவர் இப்படங்களின் முன்னே வாய்திறக்க இயலாது. நிறம் தெரிவுக்குரியதாயினும், காயம் தெரிவுக்குரியதன்று.

இவ்விரு விடைகளுக்கும் இடையே வழிகாண்பதற்குச் சைவசித்தாந்த அளவையியல் துணைபுரிகிறது. சிவஞானசித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் காட்சியை ஆராயுமிடத்து, ஐயத்தையும் திரிவையும் குற்றமற்ற காட்சியினின்றும் பிரித்துரைக்கிறார். இதுவோ அதுவோ என இரட்டுற நினைத்தல் ஐயம். ஒன்றைப் பிறிதொன்றாகக் கொள்ளுதல் திரிவு. மாலையொளியிற் பழுதையின் நிறம் மங்கித் தோன்றுதல் திரிவாகாது. பழுதையைப் பாம்பெனக் கொள்வதே திரிவு. ஒளிப்படத்துக்கும் இவ்வளவுகோல் பொருந்தும். நிறம் செறிந்ததா மங்கியதா என்பது வினாவன்று. காண்போர் ஒன்றைப் பிறிதொன்றாகக் கொள்ளும்படி அந்நிறம் தூண்டுகிறதா என்பதே வினா.

அத்தகைய திரிவுகளுள் இரண்டு சிறப்பாக நோக்கத்தக்கன. முதலாவது காலத் திரிவு. 'கிளாசிக் குரோம்' என்ற அமைப்பின் பெயரில் எந்தப் படச்சுருளும் இருந்ததில்லை. பழைய சஞ்சிகைப் படங்களின் அடங்கிய சாயலையே அது நினைவூட்டுகிறது. கொட்டியாரக்குடாவின் கரையில் இன்று வலையிழுக்கும் மீனவரை அச்சாயலிற் காட்டினால், அவரது இன்றைய வறுமை கடந்தகாலத்து அழகாக மாறித் தோன்றக்கூடும். கடந்துபோனதன்மீது ஏக்கம் கொள்ளலாம்; அதற்காக எவரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. போரும் 2004 இன் ஆழிப்பேரலையும் வடுப்படுத்திய ஊரில் நிகழ்காலத்தை நினைவாக்கிவிடுதல் சிறு பிழையன்று.

இரண்டாவது, ஆள்பற்றிய திரிவு. நிற அச்சுகளைச் சரிபார்ப்பதற்குக் கொடாக் நிறுவனம் பல்லாண்டுகளாக வழங்கிய மாதிரி அட்டையில் வெள்ளைத்தோற் பெண்ணொருத்தியின் படமே இருந்தது. 'சேர்லி அட்டை' எனப்பட்ட இதனைக் கனடாவைச் சேர்ந்த லோர்னா றொத் 2009 இல் வெளியிட்ட கட்டுரையில் ஆராய்ந்தார். கபில நிறங்களைச் செவ்வனே பதியும் சுருள்கள் தோன்றுதற்கு, சொக்கலேற்று உற்பத்தியாளரும் மரத்தளபாட உற்பத்தியாளரும் செய்த முறைப்பாடுகளும் காரணமாயின என அதில் அவர் எடுத்துரைத்தார். கரிய தோலின் நிறபேதங்கள் மனிதரின் பொருட்டாகவன்றி மரத்தின் பொருட்டாகக் கவனிக்கப்பட்டமை சிந்தனைக்குரியது. பழைய சுருளின் சாயலை விரும்புவோர் அச்சாயல் எவர் முகத்தை அளவாகக் கொண்டு உருவாயிற்று என்பதையும் வினவுதல் தகும். வெயிலிற் கருத்த மீனவரின் முகம் நிழலோடு நிழலாக மறையுமாயின், கமராவின் 10 கோடிப் புள்ளிகளாலும் பயனில்லை.

இவற்றால், கறுப்பு வெள்ளைப் படமோ செறிந்த நிறப் படமோ தன்னளவிற் குற்றமுடையதென்று கொள்ளுதல் பொருந்தாது. இலங்கையின் லயனல் வென்ட் (1900-1944) ஆக்கிய படங்களில் ஒளியும் நிழலும் இடம்மாறி நிற்பதுண்டு. அவற்றைக் கண்டு ஏமாந்தவர் எவருமிலர். கலைப்படம் தன்னைக் கலையென்றே அறிவித்து நிற்கிறது. செய்திப்படமோ, இது நிகழ்ந்தது என்று வாக்களிக்கிறது. வாக்கு எதுவோ, பொறுப்பும் அதுவே. உணரி பதிந்த மூலத்தரவை மாற்றமின்றிப் பேணும் வசதி எண்ணிமக் கமராவில் உண்டு. செய்திப்படம் எடுப்போர் அம்மூலத்தைப் பேணுதலும் கேட்போருக்குக் காட்டுதலும் தமது தெரிவை மறையாமைக்கு அடையாளமாகும்.

நுண்மை மிக்க கருவி தானாகவே வாய்மை மிக்கதாகிவிடாது. நுணுக்கமான படத்தை மக்கள் எளிதில் நம்புவதால், அதனை ஆக்குவோரின் கடமையே மிகுகிறது. திருகோணமலைக் கடலுக்கு எந்நீலத்தைத் தருவது என்பதைக் கலைஞர் தம் சுவைக்கேற்பத் தீர்மானிக்கலாம். அக்கரையில் நிற்கும் மனிதர் தமது படத்தைக் கண்டு, 'இது நான், இது இன்று' எனச் சொல்லக்கூடுமா என்பதே அத்தெரிவுக்கு எல்லையாகும்.