விளக்கும் விழியும்: ஓர் அறவியல் நோக்கு

நோயின் காரணத்தைக் கண்டறிதல் மருத்துவத்தின் பணி. அதற்குப் பொறுப்பாளி யார் எனத் தீர்மானித்தல் அறவியலின் பணி. இவ்விரண்டும் வேறானவை என்றே நாம் பெரும்பாலும் கொள்கின்றோம். தொழில்சார் நோய்களைப் பொறுத்தவரை இப்பிரிவினை நிலைக்குமா என்பது ஐயத்துக்குரியது. பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரைப் பீடித்த கண்ணதிர்வு நோயின் வரலாறு இதனைத் தெளிவாக்கும்.

1812 இல் ஃபெலிங் சுரங்கத்தில் நிகழ்ந்த வெடிவிபத்தில் 92 பேர் மாண்டனர். சுரங்கவாயு தீப்பற்றாதவாறு சுடரைக் கம்பிவலையால் மூடிய பாதுகாப்பு விளக்கை 1815 இல் ஹம்ஃப்ரி டேவி அமைத்தார். உயிரைக் காத்த அவ்வலையே ஒளியையும் மறைத்தது. மெழுகுதிரியிலும் மங்கிய வெளிச்சத்தில், கரிய நிலக்கரிச் சுவரை நோக்கி ஆண்டுக்கணக்காக உழைத்தோருட் பலரின் விழிகள் தாமாகவே அசையத் தொடங்கின. பார்த்த பொருளெல்லாம் ஆடின. தலைவலியும் தலைச்சுற்றும் தொடர்ந்தன. கூர்ந்து நோக்க உதவும் விழித்திரையின் மையப்பகுதி மிக மங்கிய ஒளியிற் செயற்படாது. எனவே பார்வையை ஒரு புள்ளியில் நிறுத்தக் கண்ணால் இயலவில்லை.

காரணம் பற்றி இரு கருத்துக்கள் மோதின. பக்கவாட்டிற் படுத்து, விழிகளை மேலே திருப்பி வெட்டும் நிலையே காரணம் என்றார் செஃபீல்ட் நகரக் கண்மருத்துவர் சிமியன் ஸ்னெல். வெளிச்சக் குறைவே காரணம் என்றார் மருத்துவர் ஜொசையா கோர்ட். ஸ்னெல்லின் நேர்மையை ஐயுற இடமில்லை. ஆயினும் படுத்தநிலையே காரணமெனின் நோய் தொழிலின் இயல்பாகிவிடுகின்றது, எவரும் பொறுப்பாளரல்லர். வெளிச்சக் குறைவெனின், அதனைச் சீர்செய்யும் வசதியுடையோர் வினாவுக்கு உட்படுகின்றனர்.

1907 இல் இது நட்டஈட்டுக்குரிய நோய்களுட் சேர்க்கப்பட்டது. நட்டஈடு கோருவோர் பெருகியதும், நோயுற்றோர் நடிக்கின்றனர் என்ற ஐயமும் எழுந்தது. 1922 இல் மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் குழு, வெளிச்சக் குறைவே அடிப்படைக் காரணம் என முடிவுசெய்தது. பிரகாசமான மின்விளக்குகள் பரவியபோது நோயும் அருகியது.

உயிரைக் காத்தபின் கண்ணைப் பற்றி முறையிடலாமா எனச் சிலர் வினவலாம். 1815 இல் அவ்வினாவுக்கு இடமிருந்தது; டேவியைக் குறைகூறுதல் தகாது. உயிரையும் கண்ணையும் ஒருங்கே காக்கும் மின்விளக்கு கைகூடிய பின்னரும் பல சுரங்கங்களிற் பழைய விளக்கு நீடித்தமைக்கு அவ்விடை பொருந்தாது. அங்கு உயிருக்கு எதிரே நிறுத்தப்பட்டது கண்ணன்று, செலவே.

கல்லுடைக்கும் தொழிலாளியின் கண்ணிற் சில்லுத் தெறித்தால், "பாதுகாப்புக் கண்ணாடி அணியவில்லை" என இன்றும் எழுதப்படுகின்றது. வியர்வையாலும் தூசியாலும் அக்கண்ணாடி மங்குவதும், உடைத்த கல்லின் அளவுக்கே கூலி கிடைப்பதும் அறிக்கையில் இடம்பெறுவது அரிது. எழுதப்பட்டது பொய்யன்று. ஆனால் காரணங்களின் தொடரில் எவ்விடத்தில் நிறுத்தி, "இதுவே காரணம்" என்கின்றோம் என்பது நமது தெரிவு. நாளை மருத்துவராயும் பொறியியலாளராயும் நிருவாகியாயும் இத்தகைய அறிக்கைகளில் ஒப்பமிடப்போகும் நாம், அத்தெரிவுக்கும் பொறுப்பாளிகளே.