உண்மையும் உறவும்

உறவுகளைப் பேணுவது எப்படி என்று கேட்டால் பெரும்பாலோர் தரும் விடை ஒன்றுதான்: விட்டுக்கொடுத்துப் போக வேண்டும். மணமக்களை வாழ்த்தும் பெரியோர் இதைச் சொல்கின்றனர். அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவருக்கு அனுபவசாலிகள் சொல்வதும் இதுவே. இந்த அறிவுரையில் பெரும் நன்மை உண்டு என்பதில் ஐயமில்லை.

ஆயினும் இதனுள் ஒரு கேள்வி மறைந்திருக்கிறது. வசதியை விட்டுக்கொடுக்கலாம், விருப்பத்தை விட்டுக்கொடுக்கலாம், பொருளையும் விட்டுக்கொடுக்கலாம். நாம் உண்மை என்று உறுதியாக உணர்ந்த ஒன்றையும் விட்டுக்கொடுக்க வேண்டுமா? நெருங்கிய நண்பர் தவறான முடிவு ஒன்றை எடுக்கப் போகிறார். சொன்னால் அவர் மனம் புண்படும். உறவு முறியவும் கூடும். சொல்லாமல் இருந்தால் உறவு தொடரும். ஆனால் உள்ளத்தில் ஒன்றும் உதட்டில் ஒன்றுமாகத் தொடர்வதை உறவு என்று சொல்லலாமா?

சத்தியத்தையும் அன்பையும் ஒருங்கே போற்ற விரும்பும் ஒவ்வொருவரும் வாழ்வில் பலமுறை சந்திக்கும் தர்மசங்கடம் இது.

நூல்கள் காட்டும் வழி

உண்மையைப் பேசு, இனிமையாகப் பேசு, இனிமையற்ற உண்மையைப் பேசாதே என்ற கருத்து மனு ஸ்மிருதியில் காணப்படுகிறது. இனிமையான பொய்யையும் பேசாதே என்று அது உடனே சேர்த்துக்கொள்கிறது. இதன் முற்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு மௌனம் காப்பவர் பலர்.

இதிகாசங்களோ வேறொரு கோணத்தைக் காட்டுகின்றன. சீதையைக் கவர்ந்துவரத் துணை வேண்டி இராவணன் மாரீசனை நாடுகிறான். மாரீசன் அவனை எச்சரிக்கும்போது, எப்போதும் இனிமையாகவே பேசுவோர் எளிதில் கிடைப்பர் என்றும், கசப்பானாலும் நன்மை தரும் சொல்லைச் சொல்பவரும் அரியர், கேட்பவரும் அரியர் என்றும் கூறுவதாக வால்மீகி பாடுகிறார். மகாபாரதத்தில் விதுரர் திருதராஷ்டிரனிடம் சொல்வதும் இதுவே. மருந்தோடு சேர்ந்த பத்தியம் போன்றது அத்தகைய சொல். நாவிற்கு இதமாக இராது, உடலைக் காக்கும். மாரீசனும் விதுரரும் மௌனம் காத்திருந்தால் அவர்களை நாம் நல்லவர்கள் என்று போற்றுவோமா?

இவ்விரண்டையும் இணைக்கும் வழியை பகவத்கீதை பதினேழாம் அத்தியாயத்தில் காண்கிறோம். வாக்கினால் செய்யும் தவத்தை விளக்குமிடத்தில், பிறரைக் கலங்கச் செய்யாமை, உண்மை, இனிமை, நன்மை ஆகிய நான்கும் ஒரே சொல்லில் அமைய வேண்டும் என்று அது கூறுகிறது. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் அச்சொல் தவமாகாது என்பது ஆதிசங்கரரின் விளக்கம். உண்மையைச் சொல்கிறோம் என்று கடுமொழி பேசுபவரும் தவம் செய்யவில்லை. இனிமையாகப் பேசுகிறோம் என்று உண்மையை மறைப்பவரும் தவம் செய்யவில்லை.

இதைத் தவம் என்று நூல்கள் அழைப்பதற்குக் காரணம் உண்டு. இது எளிதன்று. நான்கையும் ஒருசேரக் காப்பதற்குப் பயிற்சியும் பொறுமையும் வேண்டும். நடைமுறையில் இது இயலுமா என்று ஐயுறுவோருக்கு நம் நாட்டின் அண்மைக்கால வரலாற்றிலேயே ஓர் உயர்ந்த உதாரணம் உண்டு.

இருபத்தைந்து ஆண்டு நட்பு

மகாத்மா காந்தியும் மகாகவி ரவீந்திரநாத் தாகூரும் 1915 மார்ச் மாதம் சாந்திநிகேதனத்தில் முதன்முறையாகச் சந்தித்தனர். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த காந்திஜியின் ஃபீனிக்ஸ் ஆசிரம மாணவர்களுக்கு அதற்கு முன்பே தாகூர் தம் பள்ளியில் இடம் அளித்திருந்தார். சமையல், துப்புரவு முதலிய வேலைகளை மாணவர்களும் ஆசிரியர்களும் தாங்களே செய்ய வேண்டும் என்று விருந்தினராக வந்த காந்திஜி யோசனை கூறினார். வேறொருவராயின், வந்த இடத்தில் நம் வீட்டுக் காரியத்தில் தலையிடுகிறாரே என்று எண்ணியிருக்கலாம். தாகூர் மறுக்கவில்லை. அந்தச் சோதனை நெடுநாள் நீடிக்கவில்லை. ஆனாலும் ஆண்டுதோறும் மார்ச் 10ஆம் நாளை 'காந்தி புண்யாஹம்' என்று சாந்திநிகேதனத்தில் அனுசரிக்கும் வழக்கம் தொடர்ந்துவந்தது.

அடுத்த சில ஆண்டுகளிலேயே அவர்களிடையே கருத்து வேற்றுமை எழுந்தது. அவை சிறிய விஷயங்கள் அல்ல. 1921இல் ஒத்துழையாமை இயக்கம் நாடெங்கும் பரவியிருந்த சமயம், அந்நியத் துணிகளை எரிப்பதையும், சிந்திக்காமல் ஒரு குரலைப் பின்பற்றுவதையும் தாகூர் 'மாடர்ன் ரிவ்யூ' இதழில் வெளிப்படையாக எதிர்த்து எழுதினார். காந்திஜி தமது 'யங் இந்தியா' இதழில் விடையளித்தார். அந்தக் கட்டுரைக்கு அவர் இட்ட தலைப்பிலேயே தாகூரை ஒரு மாபெரும் காவலராகப் போற்றினார். 1925இல் இராட்டை பற்றி மீண்டும் விவாதம் நடந்தது. 1934 ஜனவரி 15 அன்று பீகாரில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டபோது, அது தீண்டாமை என்ற பாவத்திற்கு இறைவன் அளித்த தண்டனை என்று காந்திஜி கூறினார். இயற்கை நிகழ்ச்சியை அவ்வாறு விளக்குவது அறிவுக்குப் பொருந்தாது என்று தாகூர் கண்டித்தார். இவற்றுள் எதிலும் ஒருவர் மற்றவரின் கருத்தை முழுவதும் ஏற்றுக்கொண்டதாகக் கூற முடியாது. கடைசிவரை வேற்றுமை இருந்தது, நட்பும் இருந்தது.

இது எவ்வாறு இயன்றது? அவர்கள் நடந்துகொண்ட முறையை ஊன்றி நோக்கினால் நமக்குச் சில பாடங்கள் கிடைக்கின்றன.

கேட்டறிந்து பேசுதல்

பீகார் நிலநடுக்கம் பற்றிய காந்திஜியின் சொற்களைப் பத்திரிகைகளில் படித்த தாகூர், உடனே பகிரங்கமாகத் தாக்கிவிடவில்லை. முதலில் காந்திஜிக்கே எழுதினார். நீங்கள் இவ்வாறு சொன்னது உண்மைதானா என்று வினவி, தம் மறுப்பையும் அவரிடமே அனுப்பிவைத்தார். காந்திஜி அதைத் தம்முடைய 'ஹரிஜன்' இதழிலேயே 1934 பிப்ரவரியில் வெளியிட்டார். தம் பதிலையும் உடன் வெளியிட்டார். தம்மை மறுக்கும் கருத்துக்குத் தம் இதழிலேயே இடம் தருவது எத்தகைய பெருந்தன்மை!

நம் நிலை என்ன? ஒருவர் நம்மைப் பற்றி ஏதோ சொன்னார் என்று மூன்றாமவர் வந்து சொல்கிறார். சொன்னவரிடம் சென்று கேட்பதில்லை. மனத்திலேயே வழக்கு நடத்தித் தீர்ப்பும் எழுதிவிடுகிறோம். கைபேசியில் வந்த இரண்டு வரிச் செய்தியின் தொனியை நாமே கற்பனை செய்துகொண்டு பல ஆண்டுப் பழக்கத்தை முறித்துக்கொள்வோரும் உண்டு. பல உறவுகள் முறிவதற்குக் காரணம் நடந்த நிகழ்ச்சி அன்று. கேட்டுத் தெளிவு பெறாமையே.

துன்பத்தில் உடனிருத்தல்

1932 செப்டம்பர் 20 அன்று எரவாடா சிறையில் காந்திஜி உண்ணாநோன்பைத் தொடங்கினார். அன்று விடியற்காலையில் அவர் தாகூருக்கு ஒரு கடிதம் எழுதினார். உங்கள் உள்ளம் ஏற்குமானால் ஆசி வழங்குங்கள், ஏற்காவிட்டால் உங்கள் விமர்சனமும் எனக்கு மதிப்புடையதே என்பது அதன் சாரம். உயிரைப் பணயம் வைத்த நேரத்திலும் புகழுரையை மட்டும் அவர் நாடவில்லை. எழுபத்தொரு வயதான கவி, வங்காளத்திலிருந்து புனே வரை பயணம் செய்து வந்தார். செப்டம்பர் 26 அன்று நோன்பு முடிந்தபோது அருகில் அமர்ந்து தம் பாடல் ஒன்றைப் பாடினார்.

1936இல் நிலைமை மாறியது. விசுவபாரதியின் பணமுடையைத் தீர்க்கத் தாகூர் தம் மாணவர்களோடு ஊர் ஊராக நாட்டிய நாடகம் நடத்திக்கொண்டு தில்லிக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது எழுபத்துநான்கு. தளர்ந்த வயதில் கவி இவ்வாறு அலைவதைக் காந்திஜியால் தாங்க முடியவில்லை. அன்பர் வழியாக அறுபதாயிரம் ரூபாய் பெற்று அனுப்பி அவரது சுமையை இறக்கினார். இராட்டையைக் குறைகூறியவர்தானே என்ற நினைவு அங்கு குறுக்கிடவில்லை.

கருத்து வேற்றுமையைத் தாங்கும் வலிமை உறவுக்கு எங்கிருந்து வருகிறது என்பதற்கு விடை இங்கே உள்ளது. தேவையான வேளையில் நமக்காக வந்து நின்றவர் கூறும் கடுமையான சொல்லும் நம்மைக் கலங்கச் செய்வதில்லை. நம் நலத்தை நாடுபவர் என்ற நம்பிக்கை முன்பே வேரூன்றியிருக்கிறது. அந்த நம்பிக்கையை ஈட்டாமல் குறைகாண மட்டும் முன்வருபவரின் சொல், உண்மையாகவே இருந்தாலும், உள்ளே இறங்குவதில்லை. ஆகவே, கண்டிக்கத் துணியும் முன் ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்ளலாம்: இவருடைய துன்பத்தில் நான் எப்போதாவது பங்கு கொண்டிருக்கிறேனா?

சமமில்லாத உறவுகள்

இங்கு ஒரு நியாயமான ஆட்சேபம் எழலாம். அவ்விருவரும் சம நிலையில் இருந்த மாமனிதர்கள். மேலதிகாரியிடம் ஊழியர் இவ்வாறு பேச முடியுமா? மாமியாரிடம் மருமகள் பேச முடியுமா? தந்தையிடம் மகன் பேச முடியுமா? உண்மையைப் பேசியதால் பதவி உயர்வை இழந்தவர்களும், வீட்டில் அமைதியை இழந்தவர்களும் உண்டல்லவா?

உண்டு. அதனாலேயே இந்தத் தவத்தில் பெரும்பங்கு வலிமையுடையவரைச் சாரும் என்று கொள்ள வேண்டும். மாரீசன் சொன்னது கேட்கப்படவில்லை. அதன் விளைவு இலங்கைக்கு. குறை மாரீசனுடையதா, இராவணனுடையதா? அதிகாரம் உடையவர் சினந்தால் எதிரில் நிற்பவர் மெல்ல மெல்ல உண்மை பேசுவதை நிறுத்திவிடுகிறார். பின்னர் அவரைச் சுற்றிலும் இனிய சொற்களே ஒலிக்கும். தம்மை எல்லாரும் நேசிப்பதாக அவர் எண்ணிக்கொண்டிருப்பார். உண்மையில் எல்லாரும் அஞ்சுகின்றனர். காந்திஜி விமர்சனத்தையும் தாமே முன்வந்து வேண்டினார் என்பது இதனால்தான் நினைக்கத்தக்கது. என் முடிவில் குறை தெரிந்தால் சொல்லுங்கள் என்று அதிகாரி கேட்கட்டும்; பெற்றோர் கேட்கட்டும். சொன்ன பிறகு அதற்காகப் பழிவாங்காமல் இருக்கட்டும். கேட்பதைவிடக் கடினமானது இந்த இரண்டாவது பகுதி.

மற்றொன்றையும் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். கொடுமையைச் சகித்துக்கொண்டிருப்பது உறவைப் பேணுவது ஆகாது. பதஞ்சலி முனிவர் மனத்தெளிவுக்கு நான்கு மனோபாவங்களைக் கூறுகிறார்: இன்புற்றோரிடம் நட்பு, துன்புற்றோரிடம் கருணை, புண்ணியவான்களிடம் மகிழ்ச்சி, தீநெறியாளரிடம் விலகி நிற்கும் சமநிலை. நான்காவதும் சாதனையே. சில வேளைகளில் வெறுப்பின்றி விலகுவதே அன்பு காட்டும் வழி. விலகிய பின்னும் அவருக்குத் தீங்கு நினையாதிருந்தால் நம் உள்ளம் தூயதாகவே இருக்கும்.

ஒப்படைத்த நம்பிக்கை

1940 பிப்ரவரியில் காந்திஜியும் கஸ்தூரிபாவும் சாந்திநிகேதனம் சென்றனர். விடைபெறும் நேரத்தில் தாகூர் காந்திஜியின் கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்தார். தம் வாழ்நாளின் சிறந்த செல்வத்தைச் சுமந்துவரும் கலம் போன்ற விசுவபாரதியைத் தங்கள் பாதுகாப்பில் ஏற்றருள வேண்டும் என்று அதில் வேண்டியிருந்தார். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 7 அன்று கவி மறைந்தார். 1951இல் விசுவபாரதி மத்திய பல்கலைக்கழகமாயிற்று.

இங்கு நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். தம்மோடு எப்போதும் ஒத்துப்பேசியவர் எத்தனையோ பேர் தாகூரைச் சூழ்ந்திருந்தனர். வாழ்நாள் உழைப்பின் பயனை யாரிடம் ஒப்படைப்பது என்ற கேள்வி எழுந்தபோது, இருபது ஆண்டுகள் தம்மோடு வாதிட்டவரையே அவர் நாடினார். இவர் ஒன்றைச் சொன்னால் அதுவே அவர் உள்ளத்தில் உள்ளது என்ற உறுதி அந்த வாதங்களினாலேயே வளர்ந்திருந்தது. மாறுபட்டுப் பேசத் தயங்காதவருடைய வாக்குறுதியைத்தான் முழுமையாக நம்ப முடியும்.

நாமும் இவ்வாறு ஓர் ஆய்வு செய்துகொள்ளலாம். நம்மிடம் உண்மையை அஞ்சாமல் பேசக்கூடியவர் வீட்டில் எத்தனை பேர், பணியிடத்தில் எத்தனை பேர்? அவர்கள் கடைசியாக நம்மை மறுத்துப் பேசியபோது நம் முகம் எப்படி மாறியது? அடுத்த நாள் அவர்களிடம் நாம் எப்படி நடந்துகொண்டோம்? நீண்ட நாளாகப் பேசாதிருக்கும் ஒருவரின் பெயர் நினைவுக்கு வந்தால், யார் முதலில் பேசுவது என்ற கணக்கை ஒதுக்கிவைத்து, இன்றே அவரிடம் நலம் விசாரிக்கலாம். பழைய வழக்கைத் தீர்த்துக்கொள்ளப் பிறகு நேரம் கிடைக்கும். தீராமலே போனாலும் பெரிதில்லை.

தியானத்தில் அமர்ந்து மனத்தை அடக்குவது ஒரு சாதனை. எதிரில் இருப்பவர் நம் கருத்தை மறுக்கும்போது மனம் கலங்காமல், அன்பு குறையாமல், உண்மையும் தவறாமல் விடையளிப்பது அதே சாதனையின் தொடர்ச்சியாகும். அதற்குரிய வாய்ப்பு இன்று மாலைக்குள்ளாகவே நமக்குக் கிட்டும்.