ஓடும் கால்களும் ஊர் வேலையும்

தன் உடம்புக்காக ஓடுகிறவர், அந்த ஓட்டத்தின் ஊடே ஊருக்குச் செய்யும் உதவியைத் தொண்டு என்று சொல்லலாமா? கோவையில் இது ஏட்டுக் கேள்வி இல்லை. ஞாயிறு விடியலில் ரேஸ்கோர்ஸ் சாலையைச் சுற்றி ஓடுகிறவர்கள் குழுவாகச் சேர்ந்து குப்பை பொறுக்குவதும், குளக்கரையில் மரக்கன்று நடுவதும் இன்று பழகிப்போன காட்சி. 2013இல் தொடங்கிய கோவை மாரத்தான், கோயம்புத்தூர் கேன்சர் ஃபவுண்டேஷனுக்காக, புற்றுநோய் விழிப்புணர்வை முன்வைத்து நடப்பது. வெளியுலகிலும் இதற்கு முன்மாதிரிகள் உண்டு. ஓடிக்கொண்டே குப்பை எடுக்கும் ‘பிளாகிங்’ 2016இல் ஸ்வீடனில் எரிக் ஆல்ஸ்ட்ரோம் தொடங்கியது. லண்டனில் பிறந்த ‘குட்ஜிம்’ குழுவினர் ஓடிப்போய் மண் சுமக்கிறார்கள். தனித்திருக்கும் முதியவர்களைப் பார்த்துப் பேசிவிட்டு ஓடித் திரும்புகிறார்கள்.

இதைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறவர்கள் சொல்வது ஒன்றுதான்: “அவங்க எப்படியும் ஓடத்தான் போறாங்க. போற வழியில நாலு பாட்டில் பொறுக்கினா அது சேவையா?” இந்த எண்ணத்துக்குப் பெரிய துணையும் இருக்கிறது. 1785இல் இமானுவேல் காண்ட், பிறருக்கு உதவுவதில் இன்பம் காண்கிறவனின் உதவி பாராட்டத்தக்கதுதான், ஆனால் கடமை உணர்விலிருந்து வராததால் அதற்கு உண்மையான அறமதிப்பு இல்லை என்று எழுதினார். அவர் கண்ணில், வியர்வை வழியச் சிரித்தபடி குளக்கரையில் நிற்கும் ஓட்டக்காரர் தேறமாட்டார்.

ஆனால் கொங்கு மண்ணின் பொதுவேலை மரபு இந்த அளவுகோலுக்குள் அடங்காது. நொய்யலில் தடுப்பணை கட்டி, வாய்க்கால் வெட்டி, குளத்துக்குக் குளம் நீர் கடத்திய ஊர்களில் தூர் வாரியவர்கள் அந்த நீரில் பயிர் செய்தவர்களே. குடிமராமத்து என்பது தன்னலமும் பொதுநலமும் ஒரே மண்வெட்டியைப் பிடித்த ஏற்பாடு. தன் வயலுக்கும் தண்ணீர் வரும் என்பதால் அந்த உழைப்பை யாரும் தாழ்வாகப் பார்க்கவில்லை. இதை அழகான பழங்கதையாக மட்டும் சொல்லி நகர்ந்துவிடவும் கூடாது. 1858இல் சென்னை மாகாணத்தில் இதற்கெனக் கட்டாய உழைப்புச் சட்டமே வந்தது. நீரால் பலன் பெறாத நிலமற்றவர்களின் முதுகிலும் அந்த வேலை ஏறியது. ஆகவே அந்த மரபிடம் கேட்க வேண்டிய கேள்வி, செய்கிறவனுக்கு இன்பமோ லாபமோ கிடைத்ததா என்பதல்ல. வேலை யாருடைய தேவையைப் பார்த்து முடிவானது, அதன் பாரம் யார் மேல் விழுந்தது என்பதுதான். ஓட்டக் குழுக்களிடமும் அதையே கேட்க வேண்டும்.

மரக்கன்றை எடுத்துக்கொள்வோம். ஜூன் 5 சுற்றுச்சூழல் தினம். அன்று டி-ஷர்ட் அணிந்து, குழி எடுத்து, கன்று நட்டு, குரூப் போட்டோ எடுப்பது எளிது. ஆனால் கோவை மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருக்கும் ஊர். ஜூனில் பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்றுதான் அடித்து வீசும். சாரலும் தூறலும் தூவிவிட்டுப் போகும். நகரத்துக்கு நல்ல மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான். அந்தக் காற்றில் குச்சி கட்டாத கன்று சாய்ந்துவிடும். பிழைத்தாலும் அடுத்த மாசி, பங்குனி வெயிலில் குடம் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். அதற்கடுத்த கோடையிலும் வேண்டும். நடும் நாளை நாள்காட்டி தீர்மானித்தால் அந்த வேலை நடுகிறவருக்கானது. மழை தீர்மானித்தால் மரத்துக்கானது. இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்க யாருடைய மனத்தூய்மையையும் துருவ வேண்டியதில்லை. இரண்டு வருஷம் கழித்து அந்த இடத்தில் போய் நின்று பார்த்தால் போதும்.

மனிதர்கள் விஷயத்தில் இது இன்னும் கூர்மையானது. சிங்காநல்லூர்ப் பக்கம் தனியே இருக்கும் ஒரு பாட்டி வீட்டுக்கு வாராவாரம் ஓடிப்போய்ப் பார்ப்பதாக ஒரு குழு ஏற்றுக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரம் ஆறு பேர், பழக்கூடை. ஐந்தாம் வாரம் ஹாஃப் மாரத்தான் நெருங்குகிறது, லாங் ரன் வேறு பாதையில். யாரும் போகவில்லை. அடுத்த வாரம் போனால் பாட்டி கேட்பார்: “ஏஞ்சாமி, போன வாரம் வருவீங்கன்னு காப்பி வெச்சுட்டு உக்காந்திருந்தனே?” அவருக்குப் பழம் தேவைப்படவே இல்லை. மின்கட்டணம் கட்ட ஓர் ஆள், பரணிலிருந்து அண்டாவை இறக்க ஒரு கை, முதியோர் உதவித்தொகை இரண்டு மாதமாக ஏன் வரவில்லை என்று விசாரிக்க ஒருவர். இந்த வேலைகளில் ஓட்டமே இல்லை. தாலுகா அலுவலக வரிசையில் அசையாமல் நிற்க வேண்டியிருக்கும். தொடங்கிவிட்டு நிறுத்திய உதவி, தொடங்காத உதவியைவிடக் கொடியது. காத்திருக்கும் பழக்கத்தை ஏற்படுத்தியவர்களுக்கு அந்தக் காத்திருப்பின் மேல் ஒரு கடன் உண்டு.

ஒழுங்காக வருவது எதைச் சாதிக்கும் என்பதற்குக் கோவையிலேயே சான்று இருக்கிறது. கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பின் தன்னார்வலர்கள் 2017 முதல் ஞாயிறுதோறும் குளக்கரைகளில் கூடுகிறார்கள். பேரூர் பெரியகுளத்தில் பிளாஸ்டிக் அகற்றியதில் தொடங்கிய வேலை, வெள்ளலூர்க் குளத்தின் நீர்வரத்து வாய்க்காலைச் சீராக்குவது, கரையில் அடர்வனம் வளர்ப்பது என்று நீண்டது. சீமைக்கருவேல முள்ளை வெட்டி இழுப்பதில் படம் எடுத்துப் போடும்படியான அழகு எதுவும் கிடையாது. முள் கையுறையையும் கிழிக்கும். ஓட்டக் குழுக்கள் இப்படிப்பட்ட வேலையில் போய்ச் சேர்ந்துகொள்வது, தனியாக ஒரு பேனர் பிடிப்பதைவிட மேல். ஊரை அறிந்தவர் சொல்லும் வேலையைச் செய்ய அதில் பணிவு வேண்டும்; பத்துக் கிலோமீட்டர் ஓடும் நெஞ்சுரம் அதற்கு நன்றாகவே உதவும்.

எஞ்சியிருப்பது குப்பை. அதுதான் கடினமான பகுதி. தன்னார்வலர் ஒரு காலைப்பொழுது குனிந்து எடுக்கும் அதே சாலையில், மாதம் முழுவதும் குனிகிறவர் தூய்மைப் பணியாளர். அவருக்கு அது பிழைப்பு. பெரும்பாலும் சாதி சுமத்திய பிழைப்பு. 2022 அக்டோபரில் கோவை மாநகராட்சியின் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள், தங்களுக்கென நிர்ணயிக்கப்பட்ட தினக்கூலியைக் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒருவர் இலவசமாகச் செய்து கைதட்டல் வாங்குவதையே, இன்னொருவர் கூலிக்குச் செய்து அந்தக் கூலிக்காகத் தெருவில் உட்கார வேண்டியிருக்கிறது என்றால், கைதட்டல் வாங்கியவர் அதைத் தெரியாததுபோல் கடந்துபோக முடியாது. அதற்காகக் குப்பை எடுப்பதை நிறுத்த வேண்டும் என்பதில்லை. அழுகிய குப்பை மூட்டை எவ்வளவு கனக்கும், உடைந்த கண்ணாடி கையுறைக்குள் எப்படி ஏறும் என்று ஒரு காலையாவது அறிந்த ஓட்டக்காரர்கள், அந்தக் கூலிக்காகவும் குரல் கொடுக்க வேண்டும்.

இதில் நுழைந்தால் அரசியல் ஆகிவிடும், ஓட்டக் குழுவுக்கு எதற்கு என்று தயங்குகிறவர்கள் இருப்பார்கள். தயக்கம் புரியக்கூடியது. ஆனால் அந்தக் குழுக்களில் மருத்துவர்கள் இருக்கிறார்கள், மில் முதலாளிகள், பம்ப் தொழிற்சாலை நடத்துகிறவர்கள், வக்கீல்கள், ஆடிட்டர்கள் இருக்கிறார்கள். இவர்கள் மாநகராட்சி ஆணையருக்கு எழுதினால் அந்தக் கடிதம் படிக்கப்படும். தூய்மைப் பணியாளர் எழுதிய மனுவுக்கு அந்த மரியாதை எளிதில் கிடைப்பதில்லை. ஓடும் கால்களைவிட இவர்களிடம் அரிதாக இருப்பது அந்தக் கையெழுத்துதான். ஊருக்குக் கொடுக்க விரும்புகிறவர்கள் அதையும் கொடுக்கலாம்.