புளித்தது, புளித்துப்போனது

கத்தோலிக்கத் திருச்சபையின் 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் 924-ஆம் விதி, திருப்பலிக்கான திராட்சை ரசம் கொடியின் கனியிலிருந்து இயல்பாகக் கிடைத்ததாகவும் கெட்டுப்போகாததாகவும் இருக்க வேண்டும் என்கிறது. நுண்ணுயிரியல் படித்தவர் அந்தக் கடைசிச் சொல்லில் சற்று நின்றுவிடுவார். பிழிந்த சாற்றின் சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக்கினால் அது ரசம். சரியாக மூடாத பீப்பாயில் காற்றுப் பட்டு, அசெட்டோபாக்டர் என்ற பாக்டீரியா மேலே மெல்லிய ஆடையாகப் படர்ந்து, அந்த ஆல்கஹாலை அசெட்டிக் அமிலமாக்கினால் அது காடி. இரண்டு இடத்திலும் நடப்பது ஒன்றுதான்: ஓர் உயிர் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடுகிறது. நடுவே கோடு கிழிப்பது நம் நாக்கு. தமிழ் இதை ஒரு துணைவினையிலேயே அடக்கிவிட்டது: மாவு புளித்தால் தோசை, புளித்துப்போனால் கொட்ட வேண்டியதுதான்.

நிலையாமையைப் பேசும் சமயங்கள் பெரும்பாலும் இந்தப் ‘போனது’ பக்கம் நின்றே பேசுகின்றன. உடம்பு அழுகும், புழு அரிக்கும், ஆகவே குறையுள்ளது என்று அந்த வாதம் நடக்கும். எனக்கு அந்த ‘ஆகவே’யில்தான் தயக்கம். ஒரு பொருள் மட்குகிறது என்றால், அதை உடைத்துத் தின்னத் தெரிந்த இன்னோர் உயிர் அதன் பக்கத்தில் இருக்கிறது என்றுதான் அர்த்தம். அழிவு பொருளுக்குள் இருக்கும் ஓட்டையல்ல, அதற்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள உறவு.

பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் மொரிஸ் லெமுவான் 1926-இல் விவரித்த ஒரு பொருள் இதற்கு நல்ல சாட்சி. பேசில்லஸ் மெகாடீரியம் என்ற பாக்டீரியாவில் அவர் கண்டது பாலிஹைட்ராக்சிபியூட்டிரேட், சுருக்கமாகப் பிஎச்பி. கார்பன் மிகுந்து நைட்ரஜன் போன்றவை தட்டுப்பாடாகும்போது, குதிரில் நெல் கொட்டுவதுபோல் பாக்டீரியா இதைத் தன் உடலுக்குள் மணிமணியாகச் சேர்த்துவைக்கும். பஞ்சம் வந்தால் தன் நொதியாலேயே அறுத்துத் தின்னும். அதையே வெளியே எடுத்து உருக்கினால் நமக்குப் பிளாஸ்டிக். மண்ணில் போட்டால் அங்குள்ள பாக்டீரியாவும் பூஞ்சையும் அதை உணவென்றே கண்டுகொள்கின்றன. பாலித்தீனிலும் கார்பனும் ஹைட்ரஜனும்தான் இருக்கின்றன. ஆனால் அதன் நீண்ட கார்பன் தொடரை வெட்டும் கத்தி அநேகமாக எந்த உயிரிடமும் இல்லை. பாலித்தீனின் நித்தியம் அவ்வளவுதான்! பிஎல்ஏ என்ற இன்னொரு பிளாஸ்டிக் இன்னும் வேடிக்கையானது. சிவப்பு ரசத்தில் ஈனோகாக்கஸ் என்ற பாக்டீரியா, கூர்மையான மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக்குகிறது. லாக்டிக் அமில மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்தால் கிடைப்பது பிஎல்ஏ. 60 டிகிரி அளவுக்குச் சூடேறும் தொழில்முறை உரக்குவியலில் அது சில மாதங்களில் மட்கிவிடும். குளிர்ந்த கடலில் விழுந்தால் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். ஒரே பொருள் ஓரிடத்தில் அழியக்கூடியது, இன்னோரிடத்தில் அழியாதது.

ரசம் காடியான விவசாயிக்கு இதில் என்ன ஆறுதல் என்று கேட்கலாம். ஆறுதல் ஒன்றும் இல்லை. மூன்றாம் நெப்போலியன் கேட்டுக்கொண்டதால் ரசத்தின் சீர்கேடுகளை ஆராய்ந்த லூயி பாஸ்டர், 1866-இல் வெளியிட்ட நூலில் அவற்றை நோய்கள் என்றே அழைத்தார். இளஞ்சூடு காட்டிக் கிருமிகளைக் கொல்லும் வழியையும் சொன்னார். தடுக்க வேண்டிய அழிவு உண்டு. ஆனால் தடுக்கச் சொல்வது நம் தேவை, ரசத்தின் குறை அல்ல. இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது: பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம், அந்த உடல் மண்ணுக்கு உரமாகிறது என்று சொல்வது குரூரம் இல்லையா? குரூரம்தான். அந்தத் துயரம் ஈடுசெய்ய முடியாத ஒருவரைப் பற்றியது. வேதியியலுக்கு அங்கே வேலையில்லை. அதே காரணத்தால் புழுவுக்கும் அங்கே வேலையில்லை. பிரிவின் வலியைச் சொல்ல வந்த சமயம், உடலின் அழுகலைச் சாட்சிக்கு அழைக்கும்போது வழக்கு மாறிவிடுகிறது.

இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இந்த இடத்தில் வியப்பளிக்கிறார். நுண்ணுயிர் என்ற எண்ணமே இல்லாத 13-ஆம் நூற்றாண்டில், திருப்பலிக்குப் பழுக்காத காயின் சாறு ஆகாது, புதிதாய்ப் பிழிந்த கனிச்சாறு ஆகும், காடி ஆகாது என்று அவர் வகுத்துவைத்தார். அர்ச்சித்த ரசம் ரசமாக இருக்கும் வரைதான் அதில் கிறிஸ்துவின் பிரசன்னம் என்பது திருச்சபையின் போதனை. கிண்ணம் பொன்னாக இருக்கலாம், ஆயிரம் ஆண்டு கிடக்கலாம். மண்டியிடுவதென்னவோ அதற்குள் இருக்கும், ஒரு பாக்டீரியா புகுந்தால் காடியாகிவிடும் பானத்துக்கு முன்னால்தான்.